உங்களுக்கு எங்கே வலித்தது

செப்டம்பர் 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் குட்டியும் சௌக்கியம். நீ சௌக்கியமா என்று கேட்பதற்கு முன்னால் ஒரு சண்டை பாக்கி இருக்கிறது. அதை முடித்துவிட்டுக் கேட்கிறேன்.

அம்மா போய் நாளையோடு நான்கு மாதம். நீ வரவில்லை. உங்கள் கண்ணாடித் தொழிற்சாலையில் அந்த வாரம் ஏதோ விபத்து, லீவு தரவில்லை என்றாய். சரி, விட்டேன். ஆனால் நீ அனுப்பிய கடிதத்தை விட முடியவில்லை. வாரம் ஒருமுறை எடுத்துப் படித்துப் பல்லைக் கடித்துக்கொள்கிறேன். "தங்கள் அன்னையாரின் மறைவுச் செய்தி அறிந்து ஆழ்ந்த துயருற்றோம். இந்தக் கடினமான வேளையில் எங்கள் மனமார்ந்த அனுதாபம் தங்களுக்கு உரித்தாகுக." யாருடைய அன்னையார்டா? அவள் உனக்கும் அம்மாதானே. "எங்கள்" என்றால் யார் யார்? உன்னோடு சேர்ந்து எத்தனை பேர் என் மேல் அனுதாபப்பட்டார்கள்?

உன் மாமா படித்துவிட்டு, "உன் தம்பி ஆபீஸ் ஞாபகத்துல எழுதிட்டான் போல, விடு" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை. உன் வேலை என்னவென்று எனக்குத் தெரியும். செத்தவர் வீட்டுக்குக் கம்பெனி சார்பில் கடிதம் எழுதுகிறாய். அதற்காக அக்காவுக்குமா?

சண்டை முடிந்தது. இப்போது கேட்கிறேன்: சௌக்கியமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பதில் சொல்லாதே. போனில் நீ "ம்" தவிர எதுவும் சொல்வதில்லை. உட்கார்ந்து எழுது.

அன்புடன்,
அக்கா


செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. திட்டு முழுவதும் கிடைத்தது. நான் நலம். மாமாவுக்கும் குட்டிக்கும் என் அன்பு.

நீ கேட்டது நியாயம். அம்மா செய்தி வந்த அன்று ஆபீஸில்தான் இருந்தேன். உனக்கு எழுத உட்கார்ந்தேன். கை தானாக எழுதியது. முடித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அது அம்மா என்று உறைத்தது. கிழித்துவிட்டு வேறு எழுதப் பார்த்தேன், ஒரு வரி வரவில்லை. கிழித்ததையே திரும்ப நகல் எடுத்து அனுப்பினேன். அழுகையும் வரவில்லை, அக்கா. இன்றுவரை வரவில்லை.

எங்கள் பிரிவைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. மூன்று மேசை, ஒரு இழுப்பறைப் பெட்டி. ஒரு மேசை என்னுடையது. ஒன்று தலைவருடையது. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் கமா. கமா இல்லாத வாக்கியத்தைக் கையால் தொடமாட்டார். மூன்றாவது போன வருஷத்திலிருந்து காலி. பெட்டியில் மாதிரி வாசகம் எழுதிய அட்டைகள். ஆலையில் அடிபட்டுச் செத்தால் "அனுதாபம்". நாள்பட்ட நோய் என்றால் "இரங்கல்". ஓய்வு பெற்றவர் என்றால் "நினைவுகூர்கிறோம்". "பரிதாபம்" போடக் கூடாது, வீட்டார் கோபித்துக்கொள்வார்கள். "கருணை" எங்களுடையது இல்லை; அது மேல்மாடி. செத்தவர் பிள்ளைக்குக் கருணை அடிப்படையில் வேலை கேட்டு அங்கே மனுப் போட வேண்டும். படி ஏறி, டோக்கன் வாங்கி.

ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் முழுத் தடை. "வருந்துகிறோம்" என்று எழுதவே கூடாது. வக்கீல் வந்து வகுப்பு எடுத்தார். "வருந்தினா தப்பு நம்மளதுன்னு ஆயிடும். அனுதாபப்பட்டா தப்பு யாரோடதும் இல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்" என்றார். பதினோரு வருஷத்தில் ஒருமுறைகூட அந்தச் சொல் இந்த அறையிலிருந்து வெளியே போனதில்லை.

எங்கள் கடிதத்துக்கு யாரும் பதில் போடுவதில்லை. போன வாரம் ஒன்று வந்தது. சூடான பாட்டில்களை ஆறவைக்கும் குளிரூட்டும் அறையில் செத்த ஒருவரின் மனைவி. தாள் நிறைய இடமிருந்தும் இரண்டே வரி. "அனுதாபம் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு எங்கே வலித்தது?"

கமா அதை வாங்கிப் பார்த்து, "இதுக்கு அட்டை இல்லையே" என்றார். கோப்பில் போடச் சொன்னார். நான் போடவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

என்மேல் கோபம் போய்விட்டதா?

உன் தம்பி


அக்டோபர் 8

அன்புள்ள தம்பிக்கு,

கோபம் போய்விட்டது. அழுகை வராவிட்டால் பரவாயில்லை, அது வரும்போது வரட்டும். இங்கே எல்லோரும் நலம். குட்டிக்கு முன்பல் விழுந்துவிட்டது. காட்டச் சொன்னால் காசு கேட்கிறாள்.

ஒரு விஷயம் கேட்கிறேன், சிரிக்காதே. போன சனிக்கிழமை, நான்காம் தேதி, உனக்கு ஏதாவது ஆனதா?

லேபில் இருந்தேன். என் வேலை உனக்குத் தெரியும்: ஸ்லைடில் ரத்தத்தை இழுத்து, மைக்ரோஸ்கோப்பில் வலது கண்ணை வைத்து நூறு வெள்ளை அணுக்களை எண்ணி வகை பிரிப்பது. எண்ணும் கருவியில் ஒவ்வொரு வகைக்கும் ஒரு கட்டையை அழுத்த வேண்டும், நூறு ஆனதும் மணி அடிக்கும். நாற்பதோ நாற்பத்தொன்றோ எண்ணும்போது வலது கண்ணில் சுரீர் என்று ஏதோ ஏறியது. கத்திவிட்டேன். கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது. ரிப்போர்ட்டில் நேரம் எழுதிப் பழகிய கையோடு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்றே கால்.

கண் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்தார். "கண்ணு பளிங்கு மாதிரி இருக்கும்மா. ஒண்ணுமே இல்ல. கம்மியா வேலை செய்யுங்க" என்றார்.

எனக்குப் பழைய ஞாபகம் வந்துவிட்டது. நீ பள்ளிக்கூடத்து மதிலிலிருந்து விழுந்தாய். நான் அடுத்த தெரு வகுப்பில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், பென்சில் கையிலிருந்து விழுந்தது. ஒரு மாதம் என்னால் இடது கையைத் தூக்க முடியவில்லை, கட்டு போட்டது உனக்கு. உனக்குக் காய்ச்சல் வருமா என்று பார்க்க அம்மா என் நெற்றியைத்தான் தொட்டுப் பார்ப்பாள். தொட்டுவிட்டு உனக்கு மருந்து கொடுப்பாள். நாம் அதைச் சிரித்துக்கொண்டே சொல்வோம். அம்மா சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்குக் கல்யாணம் ஆனதும் அது நின்றுவிட்டது. பதினோரு வருஷம் ஒன்றுமில்லை. நீயும் நானும்தான் அப்போது வருஷத்துக்கு ஒரு "ம்" என்று இருந்தோமே.

உனக்கு மட்டும் ஒருநாளும் ஒன்றும் வந்ததில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். நான் குட்டியைப் பெறப் பதினெட்டு மணி நேரம் கத்திக்கொண்டிருந்தபோது நீ சினிமா பார்த்துவிட்டு வந்து, "ஆயிடுச்சா?" என்று கேட்டாய். நல்ல தம்பி.

உனக்கு ஒன்றுமில்லைதானே?

அக்கா


அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமே.

எனக்கு ஒன்றுமில்லை. ஆபீஸில் வேலை அதிகம், அதனால் தாமதம்.

உன் கண் இப்போது எப்படி இருக்கிறது? பதினொன்றே கால் என்பது உறுதியா? அந்தக் கடிகாரம் சரியான நேரம் காட்டுமா? வலி மேலிருந்து வந்ததா, மூக்குப் பக்கமிருந்தா? வெளிச்சம் கூசுகிறதா? டாக்டர் ஒரு கண்ணை மட்டும் பார்த்தாரா, இரண்டையும் பார்த்தாரா? இன்னொருவரிடமும் காட்டு. மைக்ரோஸ்கோப்பில் இடது கண்ணால் பார்க்கப் பழகிக்கொள்ள முடியுமா என்று பார். சும்மா கேட்கிறேன்.

பேனா புதிது. கையெழுத்து கோணலாக இருந்தால் அதனால்தான்.

குட்டியின் பல்லுக்கு என் பங்கு அடுத்த முறை.

தம்பி


அக்டோபர் 29

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மற்றவர்கள் நலம்.

புதுப் பேனா வாங்கினால் எழுத்து கோணலாகும், ஒத்துக்கொள்கிறேன். வரி தாளைத் தாண்டி மேசைமேல் போகுமா? உன் கடிதத்தில் ஏழு வரி வலப்பக்கம் பாதிச் சொல்லோடு நின்றுவிட்டது. மீதி உன் மேசையில் கிடக்கும், போய்ப் பார்.

வெளிச்சம் கூசுகிறதா என்று கேட்டாய். நான் அதை எழுதவே இல்லையே. கூசுகிறது. மூக்குப் பக்கமிருந்துதான் வலிக்கிறது. அதையும் எழுதவில்லை.

நேற்று ஒரு குழந்தையின் ஸ்லைடில் தப்பாக எண்ணிவிட்டேன். வலது கண்ணில் ஒரு ஓரமாகப் புகை மாதிரி வந்து உட்கார்ந்துகொள்கிறது, அதற்குப் பின்னால் இருந்ததை விட்டுவிட்டேன். மூத்த டாக்டர் திரும்ப எண்ணச் சொன்னதால் தப்பித்தது. அவர் திட்டவில்லை. "வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?" என்று கேட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இன்னொரு முறை இப்படி நடந்தால் என்னை ஸ்லைடு பக்கம் விடமாட்டார்கள், ஊசி குத்தி ரத்தம் எடுக்கும் மேசையில் உட்கார வைப்பார்கள். எனக்கு இந்த ஒரு வேலைதான் தெரியும்.

தம்பி, மறைக்காதே. உன்னால் என்னிடம் மறைக்க முடியாது என்பது உனக்கே தெரியும்.

அக்கா


நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உங்கள் எல்லோர் நலத்தையும் விரும்புகிறேன்.

எங்கள் பிரிவில் ஒருவருக்கு நடந்ததை எழுதுகிறேன். அவருக்கு ஒரு கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டியிருந்தது. என்ன எழுதுவதென்று தெரியாமல், அந்த ஆள் செத்த இடத்தையாவது பார்த்துவிட்டு வரலாம் என்று ஆலைக்குள் போனார். குளிரூட்டும் அறையில் பாட்டில்கள் வரிசையாக நகர்ந்துகொண்டிருக்கும். அந்த ஆள் எங்கே நின்றாரோ அதே இடத்தில் நின்று பார்த்தார். ஒன்றும் தோன்றவில்லையாம். திரும்பும்போது பக்கத்தில் ஒரு பாட்டில் வெடித்தது. வலது கண்ணில் சில்லு.

அது பெரிதில்லை. டாக்டர் சொன்னதுதான் அவரைத் தூங்கவிடவில்லை. ஒரு கண்ணில் இப்படிக் காயம் பட்டால், அடிபடாத மற்ற கண்ணும் சில பேருக்கு மெல்ல மெல்ல அழிந்துபோகுமாம். அதற்கு ஒரு காயமும் கிடையாது. கூடப் பிறந்தது அடிபட்டுக் கிடக்கிறதே என்று தானும் போய்விடுமாம். டாக்டர்கள் அந்த நோய்க்கு வைத்திருக்கும் பெயரிலேயே அனுதாபம் இருக்கிறது, அக்கா. எங்கள் பெட்டியில் இருக்கும் அதே அட்டை. நல்ல கண்ணைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கெட்ட கண்ணை எடுத்துவிட வேண்டும். "சீக்கிரம் சொல்லுங்க, தள்ளிப்போட முடியாது" என்று டாக்டர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எங்கள் ஆளுக்குப் பயம். எடுத்தால் யாருக்கு என்ன ஆகுமோ என்று பயம்.

வேறொன்று யோசித்தேன். நாம் எழுதாமல் இருந்த பதினோரு வருஷம் உனக்கு ஒன்றும் வரவில்லை. செப்டம்பரில் எழுத ஆரம்பித்தோம். கொஞ்ச நாளைக்குக் கடிதம் வேண்டாம். என்னை நினைக்கவும் வேண்டாம். எப்படி நினைக்காமல் இருப்பது என்று கேட்காதே. பதினோரு வருஷம் இருந்தாயே, அப்படித்தான்.

தம்பி


நவம்பர் 22

தம்பி,

சௌக்கியமா என்று கேட்கப்போவதில்லை. எனக்கே தெரிகிறது.

உங்கள் பிரிவில் மூன்று மேசை, ஒன்று காலி. எனக்கு நூறுவரை எண்ணத் தெரியும், இரண்டுவரை எண்ணத் தெரியாதா? கமாவுக்குக் கண் நன்றாக இருந்தால் அந்த ஒருவர் நீதான்.

கடிதத்தால் வருகிறதாம்! ஒரே தட்டில் சாப்பிட்ட காலத்தில் நாம் யாருக்கு யார் கடிதம் போட்டோம்? உனக்கு எப்போதும் காகிதத்தின்மேல்தான் நம்பிக்கை.

நான் தியாகி இல்லை. என் கண்ணை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வேலை போய்விடுமோ என்று பயம், குட்டி முகம் மங்கிவிடுமோ என்று பயம். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் எனக்காக நீ தள்ளிப்போட்டு உன் இரண்டு கண்ணும் போனால், அப்போது எனக்கும் இரண்டும் போகும். இந்தக் கணக்காவது புரிகிறதா? எடுக்கச் சொன்னால் எடுத்துவிடு. இன்றைக்கே எடு. எனக்கு ஆவது ஆகட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

மாமா டிக்கெட் பார்க்கட்டுமா? உடனே எழுது.

அக்கா


டிசம்பர் 5

அன்புள்ள தம்பிக்கு,

பதில் இல்லை. உன் போன் அணைந்திருக்கிறது. இங்கே உன் மாமாவுக்குச் சளி. குட்டி நலம், நான் வலது கண்ணை மூடிக்கொண்டு நடப்பதைப் பார்த்துவிட்டு அவளும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நடக்கிறாள். விளையாட்டுத்தான். ஆனால் அதட்டினேன்.

நீ எழுதாவிட்டாலும் எனக்குச் செய்தி வந்துகொண்டுதான் இருக்கிறது. காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் தொண்டையில் கசப்பு இறங்குகிறது. முதலில் காபிப்பொடி சரியில்லை என்று நினைத்துக் கடைக்காரனிடம் சண்டை போட்டேன். பிறகுதான் புரிந்தது. கண்ணில் விடும் மருந்து தொண்டைக்கு இறங்கும், இல்லையா? நீ மருந்து விட்டுக்கொள்ளும் நேரம் அது. நேற்று மதியம் மறந்துவிட்டு இரண்டே முக்காலுக்குப் போட்டாய். ஒழுங்காகப் போடு.

அறுவைக்கு நாள் குறித்தாயா? ஒரு வரி போதும்.

அக்கா


டிசம்பர் 16

மதிப்பிற்குரிய அம்மையீர்,

எங்கள் நிறுவனத்தின் மடல் பிரிவில் பதினோரு ஆண்டுகள் பணியாற்றிய தங்கள் சகோதரர், இம்மாதம் 12ஆம் தேதி, உடல்நலக் குறைவால், காலமானார் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம். அவருடைய விருப்பப்படி, இறுதிக் காரியங்கள் அனைத்தும் நிர்வாகத்தின் பொறுப்பில் அன்றே நிறைவேற்றப்பட்டன. தாங்கள் பயணம் மேற்கொள்ள வேண்டிய தேவை இல்லை.

அவர் கடமை தவறாதவர். சொற்களைக் கவனமாகக் கையாண்டவர். தங்களுக்கு நேர்ந்த துன்பத்துக்கு மிகவும் வருந்துகிறோம். தங்கள் உடல்நலத்தை, குறிப்பாகக் கண்களை, பேணிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம்.

நிர்வாகத்தின் சார்பில்,
மடல் பிரிவு


ஜனவரி 12, திங்கள், லேப்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கம்பெனிக் கடிதம் இருபதாம் தேதி வந்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

அதை உன் மாமாதான் பிரித்தார். சத்தமாகப் படிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்தினார். நான் வாங்கிப் படித்துவிட்டு அடுப்படியில் தரையில் உட்கார்ந்தேன். குட்டி வந்து என் தலையைத் தடவிக்கொடுத்தாள். அவள் எதுவும் சொல்லவில்லை, அவளிடம் அட்டை எதுவும் இல்லை.

மாலையில் இன்னொரு முறை படித்தேன். "வருந்துகிறோம்." அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கம்பெனி வருந்தாது. வக்கீல் வகுப்பு எடுத்திருக்கிறார். பதினோரு வருஷத்தில் அந்தச் சொல் அந்த அறையைத் தாண்டியதில்லை என்று நீயே எழுதினாய். அப்படியானால் இதில் வருந்தியது யார்? கடைசியில் என் கண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொன்னது யார்? என் கண்ணைப் பற்றி உங்கள் நிர்வாகத்துக்கு என்ன தெரியும்?

மாமாவிடம் சொன்னேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப அப்படித்தான் தோணும். அழுதுடு" என்றார். உங்கள் ஆபீஸுக்குப் போன் செய்தேன். கமா எடுத்தார். உன் பெயரைச் சொன்னதும், "அவர், இப்ப, வர்றதில்லை" என்றார். இரண்டு கமாவும் காதில் விழுந்தன. அதற்குமேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கேட்டால் வேறு ஏதாவது சொல்லிவிடுவாரோ என்று வைத்துவிட்டேன்.

ஏனென்றால் கசப்பு நின்றுவிட்டது, தம்பி. பதினேழாம் தேதியிலிருந்து காலை ஆறுக்கும் இல்லை, இரண்டுக்கும் இல்லை. வலது கண் வலியும் இல்லை. தண்ணீர் குடித்தால் தண்ணீராக இருந்தது. இருபதாம் தேதிக் கடிதத்தைப் பார்த்தபோது நான் உட்கார்ந்தது அதனால்தான். ஒரு சொல்லை வைத்து நீ உயிரோடு இருக்கிறாய் என்று நம்பினேன். பன்னிரண்டாம் தேதி பொய்யாக இருந்தாலும், பதினேழாம் தேதிக்குப் பிறகு நீ இல்லை என்றது என் உடம்பு. மணி ஆறு ஆகும்போதெல்லாம் வாயைத் திறந்துகொண்டு நிற்பேன். கசக்காதா, கொஞ்சம் கசக்காதா என்று.

பிறகு இருபத்தொன்பதாம் தேதி, திங்கட்கிழமை. லேபில் பெரியவர் ஒருவருடைய ஸ்லைடு. அறுபத்து மூன்று எண்ணியிருந்தேன். காலை பத்து மணி. முதலில் முகத்தின் வலப்பக்கம் முழுவதும் மரத்துப்போனது. பிறகு கண்ணுக்குப் பின்னால் எதையோ யாரோ மெதுவாகப் பிடித்து இழுத்தார்கள். வலி இல்லை, இழுப்பு மட்டும். அப்புறம் மைக்ரோஸ்கோப்பில் வெளிச்சம் போய்விட்டது. பல்பு போய்விட்டது என்று நினைத்துத் தட்டினேன். பக்கத்து மேசைப் பெண், "எரியுதே அக்கா" என்றாள்.

நான் அழுதேன். அந்தப் பெண் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட ஓடினாள். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? பன்னிரண்டாம் தேதி செத்தவனுக்கு இருபத்தொன்பதாம் தேதி யாரும் கண் எடுக்கமாட்டார்கள். இடது கண்ணில் மட்டும்தான் கண்ணீர் வந்தது.

இப்போது என் வலது கண் வெளியிலிருந்து பார்த்தால் பளிங்கு மாதிரி இருக்கிறதாம். இரண்டு டாக்டர்கள் பார்த்துவிட்டார்கள். கருவிழி விளக்கைத் தொடர்கிறதாம். "இதுக்குத் தெரியணுமே" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தெரியவில்லை. இடது கண்ணால் எண்ணப் பழகிவிட்டேன். மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் மணி அடிக்கிறது. வேலை போகவில்லை.

என்னைக் காப்பாற்றத்தான் செத்தாய் என்று புரிகிறது. கெட்ட கண்ணை எடுத்துவிட்டால் நல்ல கண் பிழைக்கும் என்று உன்னையே எடுத்து எறிந்துவிட்டாய். மடையா. நான் உன் மறு கண் இல்லை, உன் அக்கா. கசப்பு நின்ற அந்தப் பன்னிரண்டு நாளில் பட்டதற்கு முன்னால் இந்தக் கண் போனது எனக்குக் கால் தூசு. இனி ஒருமுறை செத்துப்போகாதே.

வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். மாமாவும் குட்டியும் வருகிறார்கள். ஓடிப்போகலாம் என்று நினைக்காதே, எந்தப் பக்கம் போனாலும் உன் கால் வலிக்கும் இடம் எனக்குத் தெரியும். உன் இடது கண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள். நம் இரண்டு பேருக்கும் இனி அது ஒன்றுதான்.

என் கடிதங்களை நீ பிரிப்பதில்லை என்று நினைக்கிறேன். இதையும் பிரிக்கமாட்டாயோ என்னவோ. அதனால் ஒன்று செய்யப்போகிறேன். இப்போது மணி நாலே கால். இதை உறையில் போட்டு ஒட்டிவிட்டு, சரியாக நாலரைக்கு, ரத்தம் எடுக்கும் ஊசியால் என் இடது கை மோதிர விரலில் மூன்று முறை குத்திக்கொள்வேன். உனக்கு இதுவரை ஒன்றும் வந்ததில்லை. வராது என்றும் தெரியும். இருந்தாலும் குத்துகிறேன்.

அக்கா


ஜனவரி 12, திங்கள், மாலை ஐந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சௌக்கியமா? நான் உயிரோடு இருக்கிறேன். இது உனக்குத் தெரிந்துவிட்டது என்று அரை மணி நேரத்துக்கு முன்னால் தெரிந்துகொண்டேன்.

உன்னிடமிருந்து இப்போது எந்தக் கடிதமும் வந்திருக்க முடியாது. பழையவை பிரிக்காமல் மேசைமேல் இருக்கின்றன. பிரித்தால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தொடவில்லை. இப்போது ஒவ்வொன்றாகப் பிரித்தேன். இரண்டு மணி மருந்தைத் தாமதமாகப் போட்டது உண்மைதான். போன மாதம் பதினேழாம் தேதி டாக்டர் வலி தெரியாமலிருக்க ஊசி போட்டு, எடுக்கப்போகிற கண்ணுக்கு எதற்கு என்று மருந்தையும் நிறுத்திவிட்டார். கட்டுப் பிரித்தாகிவிட்டது. இடது கண்ணில் தெளிவாகத் தெரிகிறது.

நான் செத்ததாக உனக்கு எழுதிய கடிதத்தில் "வருந்துகிறோம்" எப்படி வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அட்டையைப் பார்த்துத்தான் நகல் எடுத்தேன். "அனுதாபம்" என்று எழுதத்தான் பேனாவை வைத்தேன். ஒட்டி அனுப்பிய பிறகு கமா கோப்பு நகலைப் பார்த்தார். "இதை நான் பார்க்கலை" என்று என்னிடமே கொடுத்துவிட்டார்.

இன்றைக்குச் சொல்ல வேண்டியது வேறு. ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். கையில் ஒன்றுமில்லை, மடியில் ஒன்றுமில்லை. இடது கை மோதிர விரலில் சுருக் என்றது. உதறினேன். எறும்போ என்று பார்த்தேன். இன்னொரு முறை. எழுந்து நின்றுவிட்டேன். மூன்றாவது முறை. விரலில் ஒரு புள்ளிகூட இல்லை. ரத்தம் இல்லை. பிழிந்து பார்த்தேன், வரவில்லை.

இத்தனை வயசில் எனக்கு இப்படி வந்ததே இல்லை என்பது உனக்குத் தெரியும். அம்மா செத்தபோதுகூட வரவில்லை. நின்ற இடத்தில் அப்படியே அழ ஆரம்பித்தேன். உனக்கா, அம்மாவுக்கா, அந்தக் குளிரூட்டும் அறை ஆளுக்கா என்று தெரியவில்லை, எல்லோருக்கும் சேர்த்து வந்தது. பிறகு சட்டைப் பையிலிருந்து அந்த அம்மாளின் இரண்டு வரியை எடுத்து, அதன் கீழேயே பதில் எழுதினேன். வலது கண்ணில், ஒரு விரலில், என்று எழுதினேன். நாளை தபாலில் சேர்க்கிறேன். கமா பார்த்தாலும் பரவாயில்லை.

வா, அக்கா. எப்போது வேண்டுமானாலும் வா.

ஆனால் மூன்றாவது முறை ரொம்ப ஆழமாகக் குத்திவிட்டாய். இனிமேல் குத்தாதே. இன்னும் வலிக்கிறது.

உன் தம்பி